ஹோம் தியேட்டர் தானாகவே ஆஃப் ஆகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆம்ப்ளிஃபயர், ஹோம் தியேட்டர் சர்வீஸ் வேலையில் இருப்பதால் எனக்கு அதிகம் வருகிற புகார் இதுதான்: "செட் தானா ஆஃப் ஆயிடுது." கேள்விகளும் திரும்பத் திரும்ப அதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்கும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள். பெரும்பாலும் மூடியைக் கழற்ற வேண்டிய தேவையே வராது.

படம் ஓடிட்டு இருக்கும்போதே டப்புனு ஆஃப் ஆயிடுது. செட் போயிடுச்சா?

போயிருக்க வேண்டும் என்று இல்லை. செட் தானாக அணைவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஏதோ ஒரு உத்தரவுக்குக் கட்டுப்பட்டு அணைவது. ஸ்லீப் டைமர், ஆட்டோ ஸ்டாண்ட்பை, டிவியிலிருந்து வருகிற கட்டளை எல்லாம் இதில் சேரும். இந்த வகையில் எதுவுமே கெட்டிருக்காது. இன்னொன்று, ஆபத்தை உணர்ந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைவது. ஸ்பீக்கர் வயரில் ஷார்ட், அதிகச் சூடு, உள்ளே பழுது ஆகியவை இதற்குக் காரணம். இதிலும்கூட பல நேரம் கோளாறு செட்டுக்கு வெளியேதான் இருக்கும்.

எந்த வகை என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, எப்போது ஆஃப் ஆகிறது என்று கவனிப்பது. ஆன் செய்து எவ்வளவு நேரம் கழித்து? அப்போது வால்யூம் எவ்வளவு? எந்த இன்புட் ஓடியது? டிஸ்ப்ளேயில் என்ன எழுத்து வந்தது? இவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கீழே வரும் பதில்கள் எல்லாமே இந்த நேரக் கணக்கை வைத்துத்தான் போகின்றன.

கரெக்டா இருபது நிமிஷம். ஒவ்வொரு தடவையும் அதே நேரத்துல ஆஃப் ஆகுது. எப்படி?

இவ்வளவு துல்லியமாக நேரம் பார்த்து எந்தப் பழுதும் வராது. இது ஆட்டோ ஸ்டாண்ட்பை. ஒலி எதுவும் வரவில்லை என்று செட் நினைத்தால் குறிப்பிட்ட நேரத்தில் தூங்கப் போய்விடும். ஐரோப்பிய ஒன்றியம் மின்சாரச் சிக்கனத்துக்காக 2013 முதல் இதைக் கட்டாயமாக்கியது. அதற்குப் பிறகு வந்த செட்கள் பலவற்றில் இந்த வசதி வாங்கும்போதே ஆன் நிலையில் இருக்கும். மெனுவில் ஆட்டோ ஸ்டாண்ட்பை, ஆட்டோ பவர் டவுன், ஈகோ மோடு என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். தேடி ஆஃப் செய்யுங்கள்.

"பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைகிறதே" என்பார்கள் சிலர். போனை ஆக்ஸ் வயரில் மாட்டி, போனின் வால்யூமைக் குறைத்து, செட்டின் வால்யூமைக் கூட்டி வைத்திருப்பார்கள். செட்டுக்குள் நுழையும் சிக்னல் அவ்வளவு மெலிதாக இருந்தால் அது கணக்கிலேயே வராது. போனில் கூட்டி, செட்டில் குறையுங்கள். ரிமோட்டில் ஸ்லீப் பட்டன் தவறுதலாக அழுந்தியிருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

டிவியில எதையாவது மாத்தினா சவுண்ட் சிஸ்டமும் சேர்ந்து ஆஃப் ஆகுது. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?

எச்டிஎம்ஐ கேபிள்தான் சம்பந்தம். அதன் 13ஆவது பின்னில் சிஇசி என்ற கட்டளைத் தடம் ஓடுகிறது. ஒரு கருவி "அணைந்துகொள்" என்று சொன்னால் அதே தடத்தில் இருக்கிற மற்ற கருவிகளுக்கும் அது கேட்கும். இதையே சாம்சங் அனிநெட் பிளஸ் என்றும், சோனி பிராவியா சிங்க் என்றும், எல்ஜி சிம்ப்ளிங்க் என்றும், பானசோனிக் வியரா லிங்க் என்றும் வேறு வேறு பெயரில் அழைக்கின்றன. டிவி மட்டுமல்ல, மாட்டியிருக்கிற ஸ்ட்ரீமிங் ஸ்டிக் தூங்கப் போனாலும் சில நேரம் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.

சோதிப்பது எளிது. எச்டிஎம்ஐ கேபிள்கள் அனைத்தையும் கழற்றிவிட்டு, புளூடூத்திலோ ரேடியோவிலோ ஓடவிடுங்கள். அணையாமல் ஓடினால் குற்றவாளி சிஇசி. ஆனால் அதை ஒரேயடியாக ஆஃப் செய்தால், பல டிவிகளில் ஆர்க் (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிளிலேயே செட்டுக்கு அனுப்பும் வசதி) வழியாக வரும் ஒலியும் நின்றுவிடும். அதனால் முதலில் மெனுவில் "சேர்ந்து அணைவது" என்கிற உட்பிரிவை மட்டும் ஆஃப் செய்து பாருங்கள். சரிவரவில்லை என்றால் சிஇசியை நிறுத்திவிட்டு, ஒலிக்கு ஆப்டிகல் கேபிளைப் போடுங்கள்.

யாருமே தொடலை. தானா ஆஃப் ஆகுது, சில நேரம் தானாவே ஆனும் ஆகுது. பயமா இருக்கு.

பயப்பட வேண்டாம். முன்பக்கத்து பவர் பட்டனுக்குப் பின்னால் இருக்கிற சின்ன சுவிட்ச் பழசானால், யாரும் அழுத்தாமலே அழுத்தியது போல் ஆகிவிடும். ஈரப்பதமான காலத்தில் இது கூடும். மாற்றுவதும் சுலபமான வேலை. அதற்கு முன் ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு நாள் பாருங்கள். பட்டன் உள்ளே சிக்கிக்கொண்ட ரிமோட்டும் இதே வேலையைச் செய்யும். டிவி மாறும்போது ஆனும் ஆஃபும் ஆனால் முந்தைய பதிலில் சொன்ன சிஇசிதான்.

டிஸ்ப்ளேல புரொடெக்ட்னு வந்துட்டு ஆஃப் ஆகுது. அப்படின்னா என்ன?

இது முதல் பதிலில் சொன்ன இரண்டாவது வகை. ஆம்ப்ளிஃபயருக்குள் ஒரு காவல் சர்க்யூட் எப்போதும் சில விஷயங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும்: ஸ்பீக்கருக்கு அளவுக்கு மீறி கரன்ட் போகிறதா, ஸ்பீக்கர் லைனில் போகவே கூடாத டிசி (ஒரே திசையில் பாயும்) வோல்டேஜ் வருகிறதா, சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட்சிங்க் அதிகம் சுடுகிறதா, உள்ளே இருக்கிற பவர் சப்ளை சரியான வோல்டேஜ் தருகிறதா. ஏதாவது ஒன்று தவறினாலும் ரிலேயை (ஸ்பீக்கர் இணைப்பைப் போட்டு எடுக்கும் மின் சுவிட்ச்) விடுவித்து செட்டை அணைத்துவிடும்.

அணையும் விதத்திலேயே குறிப்புத் தருகிற செட்களும் உண்டு. டெனான் ரிசீவர்கள் (ஸ்பீக்கர்கள் தனியாக வாங்கி மாட்டும் ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபயர்கள்) பலவற்றில் பவர் விளக்கு சிவப்பாக ஏறத்தாழ 2 நொடிக்கு ஒருமுறை மெதுவாகச் சிமிட்டினால் சூடு என்று பொருள். அரை நொடிக்கு ஒருமுறை வேகமாகச் சிமிட்டினால் ஸ்பீக்கர் வயரிங்கையோ ஆம்ப்ளிஃபயர் பழுதையோ பார்க்க வேண்டும். உங்கள் செட்டின் கையேட்டில் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள், இப்படி ஒரு பட்டியல் இருக்கலாம். புரொடெக்ட் வந்த செட்டைத் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள். இது மிக முக்கியம். உண்மையான ஷார்ட் இருந்தால் ஒவ்வொரு முறையும் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் அடி வாங்கும்.

ஸ்பீக்கர் வயரெல்லாம் நல்லாத்தான் மாட்டியிருக்கேன். இன்னும் என்ன பார்க்கணும்?

நன்றாக மாட்டியது போலத்தான் தெரியும். செட்டைத் திருப்பி, போன் டார்ச்சை அடித்து, டெர்மினல்களைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். முறுக்கி நுழைத்த செம்பு இழைகளில் ஒன்றே ஒன்று மட்டும் வெளியே வளைந்து, பக்கத்து டெர்மினலையோ பின்பக்கத் தகரத்தையோ தொட்டுக்கொண்டு நிற்கும். முடி அளவுதான் இருக்கும், நேர் எதிரே நின்று பார்த்தால் தெரியாது. குறைந்த வால்யூமில் அது தொந்தரவு தராமலும் இருக்கலாம். பேஸ் அதிர்வில் வயர் லேசாக ஆடும்போது முழுதாகத் தொடும், உடனே செட் அணையும். "சண்டைக் காட்சி வந்தா மட்டும் ஆஃப் ஆகுது" என்று சொல்கிறவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது, எல்லாவற்றையும் பிரித்துக்காட்டுகிற சோதனை. மெயின் பிளக்கைப் பிடுங்குங்கள். சப்வூஃபர் உட்பட எல்லா ஸ்பீக்கர் வயர்களையும் செட்டிலிருந்து கழற்றுங்கள். கழற்றிய முனைகள் ஒன்றோடு ஒன்று படாமல் இருக்கட்டும். இப்போது வெறும் செட்டை ஆன் செய்து, ஆட்டோ ஸ்டாண்ட்பையை நிறுத்திவிட்டு, அரை மணி நேரம் விடுங்கள். ஓடிக்கொண்டே இருந்தால் கோளாறு பெரும்பாலும் வயரிலோ ஸ்பீக்கரிலோ இருக்கிறது. ஸ்பீக்கரே இல்லாமலும் அணைந்தால் பழுது செட்டுக்குள். என்னிடம் செட்டைக் கொண்டுவருகிறவர்கள் இதை மட்டும் வீட்டிலேயே செய்துவிட்டு வந்தால், பலர் வரவே வேண்டியிருக்காது. தூக்கிக்கொண்டு வந்த செட் என் மேஜையில் நாள் முழுக்க நன்றாக ஓடும். கோளாறான வயர் வீட்டுச் சுவரிலேயே இருக்கும்.

அந்த டெஸ்ட் பண்ணினேன். பின்பக்க இடது ஸ்பீக்கரை மாட்டினா மட்டும் ஆஃப் ஆகுது. ஸ்பீக்கரா, வயரா, ஆம்ப்பா?

பாதி வேலை முடிந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்த இடது வயரை செட்டில் வலது டெர்மினலுக்கு மாற்றுங்கள். கோளாறு வயரோடு சேர்ந்து வலதுக்கு வந்தால் வயரோ ஸ்பீக்கரோ காரணம். இடது டெர்மினலில் வேறு நல்ல ஸ்பீக்கரைப் போட்டாலும் அணைந்தால் அந்தச் சேனலின் ஆம்ப் காரணம்.

வயரா ஸ்பீக்கரா என்பதை மல்டிமீட்டர் சொல்லிவிடும். வயரை இரண்டு முனைகளிலும் கழற்றி, இரண்டு கம்பிகளுக்கும் நடுவே ஓம் அளவில் வையுங்கள். எந்த அளவும் காட்டக் கூடாது. காட்டினால் நடுவில் எங்கோ நசுங்கியிருக்கிறது. கதவு இடுக்கு, ஆணி அடித்த இடம், சோபாக் கால், எலி கடித்த மூலை ஆகியவற்றைப் பாருங்கள். ஸ்பீக்கரைத் தனியாக அளந்தால், 8 ஓம் என்று எழுதியது சுமார் 6 ஓம் காட்டும், அது சரியான அளவுதான். 1 ஓமுக்கும் கீழே போனால் ஸ்பீக்கருக்குள் இருக்கிற கம்பிச்சுருளான காயில் ஷார்ட்.

வால்யூம் கம்மியா இருந்தா எவ்வளவு நேரம் வேணும்னாலும் ஓடுது. கூட்டினா ஆஃப். ஏன் இப்படி?

முந்தைய இரண்டு பதில்களில் சொன்ன வயர் சோதனைகளை முடித்துவிட்டீர்களா? அப்படியானால் இது சுமையின் பிரச்சினை. வால்யூமை 10 டெசிபல் கூட்டினால் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும், ஆனால் ஆம்ப் 10 மடங்கு பவர் தர வேண்டும். அதிலும் பேஸ்தான் அதிகம் இழுக்கும்.

ஸ்பீக்கரின் ஓம் அளவு குறைந்தால் கரன்ட் கூடும். 8 ஓமுக்காகச் செய்த ஆம்ப்பில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் அதே வால்யூமில் இரண்டு மடங்கு கரன்ட் போகும். ஒரே டெர்மினலில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில் (பேரலல்) போட்டாலும் இதே 4 ஓம் கணக்குத்தான். வரவேற்பறையில் ஒரு ஜோடி, சாப்பாட்டு அறையில் இன்னொரு ஜோடி என்று சேர்க்கிற வீடுகளில் இதை அதிகம் பார்க்கலாம்.

ஸ்பீக்கர்களை மாற்ற முடியாது என்றால், மெனுவில் எல்லாவற்றையும் "ஸ்மால்" என்று வைத்து, கிராஸ்ஓவரை (எந்த அளவுக்குக் கீழே உள்ள பேஸ் சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்கிற எல்லை) 80 ஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். ஆழமான பேஸ் அத்தனையும் தனி மின்சாரத்தில் ஓடும் சப்வூஃபருக்குப் போய்விடும், ஆம்ப்பின் சுமை குறையும். பெரிய ஸ்பீக்கரை "ஸ்மால்" என்று வைப்பதில் பலருக்கு மனத்தாங்கல். தயங்காமல் செய்யுங்கள், ஒலி பெரும்பாலும் இன்னும் தெளிவாகத்தான் ஆகும்.

ஒரு மணி நேரம் அருமையா ஓடுது, அப்புறம் ஆஃப். கொஞ்ச நேரம் விட்டா மறுபடி ஓடுது.

சூடு. ஆறினால் ஓடுகிறது என்பதே சாட்சி. இருபது நிமிடக் கணக்கோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே நேரம் மாறாது. இங்கே வெயில் நாளில் சீக்கிரமாகவும், குளிர்ந்த இரவில் தாமதமாகவும் அணையும்.

மூடிய ஷோகேஸ், மேலே அடுக்கிய செட்டாப் பாக்ஸ், போர்த்திய துணி இவை மூன்றும் வழக்கமான காரணங்கள். செட்டின் மேல் மூடியில் இருக்கிற துவாரங்கள் சூடான காற்று மேலே போவதற்குத்தான். மேலே குறைந்தது ஒரு சாண் இடைவெளி விடுங்கள், பின்பக்கமும் திறந்திருக்கட்டும். கதவுள்ள ஷோகேஸ் என்றால் கதவைத் திறந்து வைத்து ஒரு படம் பாருங்கள். அணையாமல் ஓடினால் விடை கிடைத்துவிட்டது.

சில செட்களில் பின்னால் சின்ன மின்விசிறி இருக்கும். அது தூசி பிடித்து நின்றுபோனாலும் செட் அணையும். பிளக்கைப் பிடுங்கிய பிறகு வெளியிலிருந்து மென்மையான பிரஷ்ஷால் தூசியை எடுக்கலாம். இத்தனையும் செய்து, குறைந்த வால்யூமிலும் கை வைக்க முடியாத சூடு வந்தால் உள்ளே பார்க்க வேண்டும். ஹீட்சிங்க் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், அல்லது சும்மா இருக்கும்போது ஆம்ப் இழுக்கிற கரன்ட் கூடியிருக்கலாம்.

ஆன் பண்ணின ரெண்டு மூணு செகண்ட்லயே ஆஃப். ஸ்பீக்கர் எதுவுமே மாட்டலை.

இது உள்பழுது. இனி மெக்கானிக்கின் வேலைதான். ஆனால் ஒன்றைக் கவனித்துச் சொல்லுங்கள்: ஆன் செய்த பிறகு ரிலேயின் "டிக்" சத்தம் கேட்கிறதா? சாதாரணமாக காவல் சர்க்யூட் சில நொடி சோதித்துவிட்டு, எல்லாம் சரி என்றால் ரிலேயைப் போடும். டிக் கேட்காமலே அணைந்தால் அவுட்புட்டில் டிசி வருகிறது அல்லது பவர் சப்ளையில் கோளாறு என்று தேட ஆரம்பிக்கலாம்.

பவர் சப்ளையில் அடிக்கடி போவது எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள். நல்ல கெப்பாசிட்டரின் தலை தட்டையாக இருக்கும். கெட்டதன் தலை உப்பி, நடுவில் இருக்கிற கோடு விரிந்து, சில நேரம் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருக்கும். சூட்டில் நாள்பட ஓடிய செட்டில் இது சீக்கிரம் வரும். ஆகவே முந்தைய பதிலில் சொன்ன காற்றோட்டம் செட்டின் ஆயுளுக்கும் தேவை.

அப்போ நானே மூடியைத் திறந்து பார்க்கலாமா?

எலக்ட்ரானிக்ஸ் பழக்கம் இல்லாதவர்கள் வேண்டாம். 230 வோல்ட் இணைப்பில் ஓடும் செட்டின் சுவிட்சிங் பவர் சப்ளையில் பெரிய கெப்பாசிட்டர் சுமார் 325 வோல்ட் டிசியைப் பிடித்து வைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய உடனே அது இறங்கிவிடும் என்று நம்பக் கூடாது. டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். இது தெரிந்தவர்களுக்கு மட்டுமே உள்ளே வேலை.

கரன்ட் போய் யூபிஎஸ்ல ஓடும்போது மட்டும் ஆஃப் ஆகுது.

யூபிஎஸ் சைன் வேவ் வகையா, ஸ்கொயர் வேவ் வகையா என்று பாருங்கள். ஸ்கொயர் வேவில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப்கள் உறுமும், சூடாகும், சில அணையவும் செய்யும். சைன் வேவ் வகையாக இருந்தும் அணைந்தால் யூபிஎஸ்ஸின் திறன் போதாமல் இருக்கலாம். நேரடி மின்சாரத்திலும் அணைகிறது என்றால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை விட்டுவிட்டு, சுவர் பிளக்கில் நேராக மாட்டிப் பாருங்கள். தளர்ந்த சாக்கெட்டில் வோல்டேஜ் இறங்கும். பிளக்கின் கால் கறுத்திருந்தால் அதுதான் காரணம், உடனே சாக்கெட்டை மாற்றுங்கள்.

மத்ததெல்லாம் ஓடுது, சப்வூஃபர் மட்டும் பாதிப் படத்துல தூங்கிடுது.

தனி பிளக் உள்ள சப்வூஃபர் என்றால், பின்னால் ஆட்டோ, ஆன் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். ஆட்டோவில் மெல்லிய சிக்னலைக் கண்டுகொள்ளாது. "ஆன்" நிலையில் வையுங்கள். ஆட்டோவே வேண்டும் என்றால், ரிசீவரில் சப்வூஃபர் அளவைச் சில டெசிபல் கூட்டி, சப்வூஃபரிலேயே இருக்கிற கெயினை (அதன் ஒலி அளவு) அதே அளவு குறையுங்கள். சத்தம் மாறாது, ஆனால் போகிற சிக்னல் வலுவாகும்.

செட்டோட வந்த சப்வூஃபர் போதலை. வெளியே பவர்டு சப்வூஃபர் வாங்கி, செட்டோட ஸ்பீக்கர் டெர்மினல்லேர்ந்து கொடுத்தேன். ஆன் பண்ணினாலே புரொடெக்ட்.

வயர் சரி, ஸ்பீக்கர் சரி, ஆம்ப்பும் சரி. இணைக்கிற முறைதான் சரியில்லை. பெட்டியாக வருகிற ஹோம் தியேட்டர் செட்கள் பலவற்றில் டிஜிட்டல் ஆம்ப் பிரிட்ஜ் முறையில் ஓடுகிறது. அதில் ஸ்பீக்கரின் மைனஸ் முனை கிரவுண்ட் அல்ல. பிளஸ், மைனஸ் இரண்டிலுமே சப்ளையின் பாதி வோல்டேஜ் நிற்கும். வெளியே வாங்கிய சப்வூஃபரின் மைனஸோ பெரும்பாலும் கிரவுண்டோடு சேர்ந்தது. இரண்டையும் இணைத்தால் ஷார்ட் செய்தது போலத்தான். இதே காரணத்துக்காக, இந்தச் செட்களில் எல்லா ஸ்பீக்கர்களின் மைனஸையும் ஒரே கம்பியில் சேர்க்கவும் கூடாது.

செட்டில் சப்வூஃபருக்கென்று ஆர்சிஏ அவுட்புட் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லை என்றால், ஸ்பீக்கர் சிக்னலை மெலிதாக்கி, டிரான்ஸ்ஃபார்மர் மூலம் பிரித்துக் கொடுக்கிற ஹை-டு-லோ கன்வெர்ட்டர் வேண்டும். விற்கிற எல்லா கன்வெர்ட்டரிலும் டிரான்ஸ்ஃபார்மர் இருக்காது, கேட்டு வாங்குங்கள்.

ஃபேக்டரி ரீசெட் பண்ணினா சரியாகுமா?

முதல் வகைக்கு, அதாவது டைமர், சிஇசி போன்றவற்றுக்கு உதவலாம். அப்டேட் வந்திருந்தால் போட்டுவிடுங்கள். ஷார்ட்டையும் சூட்டையும் ரீசெட் ஒன்றும் செய்யாது. ஒரே ஒரு விதிவிலக்கு: சில ரிசீவர்கள் அடுத்தடுத்து சில முறை புரொடெக்ட் ஆனால் தங்களையே பூட்டிக்கொள்ளும். பழுதைச் சரிசெய்த பிறகும் சர்வீஸ் மெனுவில் போய் அந்தப் பூட்டைத் திறக்க வேண்டியிருக்கும்.

புரொடெக்ட் லைனை கட் பண்ணிட்டா ஓடும்னு ஒருத்தர் சொன்னார். செய்யலாமா?

கூடவே கூடாது. அப்படிச் சொல்கிறவரிடம் செட்டைக் கொடுக்காதீர்கள். அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி 40 வோல்ட் டிசி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 6 ஓம் காயில் அது 260 வாட்டுக்கு மேல். இசையைப் போல ஏறி இறங்காமல், நிற்காமல் பாயும். காய் சில நொடிகளில் கருகும், கோன் தீப்பிடிக்கவும் கூடும். குழந்தைகள் உட்கார்ந்து படம் பார்க்கிற அறை அது. காவல் சர்க்யூட்டே கெட்டுப்போய்த் தவறாக அணைக்கிற நேரமும் உண்டுதான். அப்போதும் டிசி இல்லை என்று மீட்டரில் பார்த்து உறுதி செய்துகொண்டு, அந்தக் காவல் சர்க்யூட்டைத்தான் சரிசெய்ய வேண்டும்.

ரிப்பேர் பண்றதா, புதுசு வாங்கறதா?

கெப்பாசிட்டர், ரிலே, மின்விசிறி, பட்டன் சுவிட்ச் என்றால் யோசிக்காமல் ரிப்பேர் செய்யுங்கள். தனித் தனி டிரான்சிஸ்டர்களில் ஓடும் ரிசீவரில் அவுட்புட் போயிருந்தாலும் செய்யலாம், நன்றாக உழைக்கும். ஒன்று போயிருந்தாலும் அந்த ஜோடியையே மாற்றச் சொல்லுங்கள், அசல் பாகமா என்றும் கேளுங்கள். டிரான்சிஸ்டரில் போலிகள் நிறைய, அவை முதல் பெரிய சண்டைக் காட்சியிலேயே போய்விடும். பெட்டி செட்டில் ஆம்ப் ஐசி போயிருந்து அந்த ஐசி தயாரிப்பிலேயே இல்லை என்றால், அல்லது மெயின் போர்டே போயிருந்தால், செலவு செய்ய வேண்டாம். ஸ்பீக்கர்களை வைத்துக்கொண்டு, அவற்றின் ஓம் அளவுக்குப் பொருந்துகிற ரிசீவர் பாருங்கள். பெட்டி செட்களின் ஸ்பீக்கர்கள் பல 3 அல்லது 4 ஓம், எல்லா ரிசீவரும் தாங்காது.

ரிப்பேர் முடிந்து வாங்கப் போகும்போது, ஸ்பீக்கர்கள் அனைத்தையும் மாட்டி, மூடியையும் போட்டு, நல்ல வால்யூமில் ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஆன் ஆகி விளக்கு எரிகிறது என்பதை மட்டும் பார்த்துவிட்டு எடுத்து வராதீர்கள்.